நாணயம், பணத்தாள் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. மாணவர் முகாம் ஒன்று நடத்தினோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, நன்கொடையாக வந்த ஜெர்மன் நோட்கெல்ட் (அவசரகாலப் பணம்) தாள்களைத் தரம் பிரித்ததுதான். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் மக்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். பின்னர் நிக்கலும் செம்பும் போர்த் தொழிலுக்குப் போயின. இரும்பிலும் துத்தநாகத்திலும் அலுமினியத்திலும் அடித்த காசு போதாமல், நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் தாமே சிறு தாள்களை வெளியிட்டன. 1921, 1922 ஆண்டுகளின் வண்ணப்படத் தொடர்களோ பெரும்பாலும் சேகரிப்போருக்கு விற்கவே அச்சிட்டவை. 1922 ஜூலையில் அரசு தடை செய்தது. 1923இன் கோடி மார்க் தாள்கள் பணவீக்கத்தில் பிறந்தவை. மூன்றையும் ஒரே சட்டகத்தில் மாட்டக்கூடாது என்று நான் நின்றதைச் சிலர் பிடிவாதம் என்றார்கள். கலந்து மாட்டினால் போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாடு பார்ப்பவர் கண்ணில் படாது என்பதே என் காரணம்.

பிரிக்கும்போது தேதி, செல்லுபடிக் கெடு, மடிப்பு, செல்லாததாக்கிய துளை அல்லது முத்திரை ஆகியவற்றைச் சேர்த்தே பாருங்கள். மடிப்பில்லாத தாளெல்லாம் விற்பனைத் தொடர் அல்ல. கொடுக்கப்படாமல் மிஞ்சியதாகவும் இருக்கலாம். இலங்கையின் 1942ஆம் ஆண்டு 5 சதத் தாள் 2 சதம், 3 சதம் எனப் பிரித்துச் செலவழிக்கும்படி வந்தது. அதன் 2 சதப் பாதி ஒன்றைக் கிழிசல் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். மீட்டு ஆல்பத்தில் சேர்த்தேன்.

அழுக்குப் போகட்டும் என்று ஒருவர் தாளை நனைத்ததில் ஊதா முத்திரை கரைந்து பரவிவிட்டது. தயவுசெய்து எதையும் கழுவ வேண்டாம். பிவிசி உறைகளும் கூடாது. நாளடைவில் பிசுபிசுத்து மையை உரித்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே வேண்டும்.

இத்தனை வேலைக்கும் தொடர்ந்து வந்தவர்கள் நால்வர். வீட்டுக்கு எடுத்துப்போன ஆல்பப் பக்கங்கள் சில இன்னும் திரும்பவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் சந்தா பாக்கி. இருமுறை கடிதம் எழுதியும் பதில் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வாடகை போகச் சிறு கையிருப்பு உண்டு.

அரங்கம் தந்தவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

இன்னும் இரண்டு பெட்டித் தாள்கள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. பழைய ஜெர்மன் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் உறைகளுக்கான பணமும் கிடைத்தால் மட்டுமே அவற்றைத் திறப்பதாக இருக்கிறேன். சந்தாப் புத்தகம் வாசலருகே மேசையில் உள்ளது.

செயலாளர்