தொலைவிலிருந்து தோள்கொடுக்கும் மருத்துவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறப்பு மருத்துவர் இல்லாத சிற்றூர் மருத்துவமனைகளுக்கு, ஓய்வுபெற்ற மருத்துவர்கள் உள்ளிட்டோர் ஊதியம் பெறாமல் காணொலி வழியே ஆலோசனை வழங்குவது மனமாரப் பாராட்டத்தக்கது. நோயாளியைத் தம்வசம் எடுத்துக்கொள்ளாமல், அங்குள்ள மருத்துவருக்கே அவர்கள் துணைநிற்பதுதான் இதன் சிறப்பு: ஆறாத புண்ணின் படத்தையும் இசிஜி பதிவையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, எந்த மருந்தை நிறுத்துவது, யாரை உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புவது என்று அவர் கேட்டுத் தெளிகிறார். 2003-இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய ‘எக்கோ’ திட்டத்தில் இவ்வாறு வழிகாட்டப்பட்ட ஊரக மருத்துவர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோய்க்கான சிகிச்சையில் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையான பலன் கண்டதை 2011-இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

தொண்டுள்ளம் மட்டும் போதாது. ஆலோசனை தொடர்பாக வழக்கு வந்தால் கைகொடுக்கும் பொறுப்புக் காப்பீட்டுக்கும் தடையற்ற இணைய இணைப்புக்கும் அரசுகள் வழிசெய்ய வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் நடைமுறையையும் எளிதாக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்