கடலில் இறக்கிவிடுமுன் மூச்சு விடக் கற்றுக்கொடுங்கள்: கப்பல் நிறுவனங்களின் கரைச்சுற்றுலாப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். கரீபியன் கடலில் சொகுசுக் கப்பல் விட்டு, நிற்கும் ஊரிலெல்லாம் கட்டமரன் என்ற இரட்டை உடல் படகில் பவளப்பாறை பார்க்க டிக்கெட் விற்கும் நிறுவனங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். நாங்கள் போன கப்பலின் நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன். தமிழிலும் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோரை இப்போது உங்கள் கப்பல்களில்தான் கூட்டிப்போகிறார்கள். எனக்குத் தெரிந்த அந்தப் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியாது. இதை அவர்களும் படிக்க வேண்டும்.

நான் செவிலியர். 27 வருடமாக ஆஸ்பத்திரி வார்டில் நிற்கிறேன். ஒரு மனிதருக்கு மூச்சு முட்டும்போது அவர் கண் எப்படி மாறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். போன ஜனவரியில் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் தீவுக்குப் பக்கத்தில், கண்ணாடி போன்ற தண்ணீரில், அந்தக் கண்ணை என் அத்தானின் நீச்சல் முகமூடிக்குள் பார்த்தேன்.

அக்காவும் அத்தானும் மதுரையிலிருந்து வந்திருந்தார்கள். அத்தானுக்கு 64 வயது, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைகையில் முழங்கால் அளவுத் தண்ணீரைத் தவிர வேறு நீச்சல் அறியாதவர். ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பி, முதல் இரண்டு நாளும் கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே போனது. மூன்றாம் நாள் காலை செயின்ட் தாமஸின் சார்லட் அமாலியே துறைமுகம். டிக்கெட்டில் "தொடக்க நிலையினருக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் அவருக்கும் சேர்த்து வாங்கினேன்.

துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போதே கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா, ஆஸ்துமா உண்டா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று நல்ல கேள்விகள்தான். ஆனால் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், வெயில் ஏறுகிறது, படகு கிளம்பப் போகிறது. அந்த நிலையில் யார் நின்று யோசித்து எழுதுவார்கள்? அத்தான் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவதைக் குறிப்பிடவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. அது என் தவறு. அந்தப் படிவத்தை முந்தின நாள் மாலையே அறைக்கு அனுப்பியிருந்தால் உட்கார்ந்து படித்திருப்போம்.

படகு பக் தீவை நோக்கிப் போனது. அந்தப் பயணத்தைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முன்பக்க வலையில் அக்கா கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, கீழே நுரை ஓடுவதைச் சின்னப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பிறந்தது குளச்சல். கட்டமரன் என்ற பெயர் எங்கள் கரையின் கட்டுமரத்திலிருந்து போனது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி அந்தச் சொல்லைக் குறித்து வைத்தார். இரண்டு உடலை இணைத்துக் கட்டும் இந்தப் படகின் வடிவம் பசிபிக் தீவு மக்களுடையது. எங்களுடையது பெயர் மட்டும்தான். எங்கள் கட்டுமரத்தில் உடம்பு என்று தனியாக எதுவும் கிடையாது. மரங்களைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள், கரையேறியதும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருப் பையன்களைக் கரையோர அலையில் மாதக்கணக்கில் புரளவிட்டு, தண்ணீர் குடித்து, இருமி, பழகிய பிறகுதான் பெரியவர்கள் மரத்தில் ஏற்றிப் போவார்கள். கடலோடு பிறந்த பிள்ளைகளுக்கே அந்தப் பழக்கம் தேவைப்பட்டது.

அத்தானுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். பக் தீவின் ஆமைத் துறையில் மிதவைப் பந்தில் படகைக் கட்டிவிட்டு, ஒரு பணியாளர் மைக்கைப் பிடித்தார். முகமூடியை இப்படிப் போடுங்கள், மூச்சு விடும் குழலை இப்படிக் கடியுங்கள், ஆமையைத் தொடாதீர்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அவர் சொன்னது எதுவும் தவறில்லை. ஆனால் வேகமான ஆங்கிலம், காற்று, பக்கத்துப் படகின் பாட்டு. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். புரியாதபோதும் தலையாட்டுவது எங்கள் பெரியவர்களின் மரியாதை. அதைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் இறங்கினார். மீசை இருப்பவருக்கு முகமூடியின் ஓரம் சரியாக ஒட்டாது, மேலுதட்டின் வழியாகத் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வாசலைன் தடவினால் கசிவு குறையும் என்பதையோ, கசிந்தால் மூக்கால் ஊதி எப்படி வெளியேற்றுவது என்பதையோ யாரும் சொல்லவில்லை. 64 வருடமாக மூக்கால் மூச்சு விட்டவர் திடீரென்று வாயால் மட்டும் விட வேண்டும். குழலுக்குள் ஒரு சின்ன அலை புகுந்தது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குப் போனதும் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும் ஆனது. அப்படி விடும் மூச்சில் பாதி குழலுக்குள்ளேயே போய்வரும், புதுக்காற்று நுரையீரலுக்குப் போதிய அளவு எட்டாது. காற்றுப் போதவில்லை என்று உடம்பு சொல்லும், மனிதர் இன்னும் வேகமாக இழுப்பார். வார்டில் நான் தினமும் பார்க்கும் சுழல் அது.

இப்போது அவர் என்ன செய்தார் என்பதைக் கவனமாகப் படியுங்கள். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான். மிதவைச் சட்டை அவரைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது. மூழ்கியிருக்க மாட்டார். ஆனால் பயந்தவருக்குத் தன்னைத் தாங்குவது காற்றா தண்ணீரா என்று தெரியாது, காலுக்குக் கீழே தரை வேண்டும் என்று மட்டும்தான் தோன்றும். கரையோரப் பாறைப் பக்கமாகத் துழாவிப் போய், ஃபின்ஸ் என்ற நீச்சல் துடுப்பு மாட்டிய இரண்டு காலையும் ஊன்றி எழுந்து நின்றார். அவர் நின்றது பவளத்தின் மேல். முழங்காலில் ரத்தம். காலடியில் விரல் நீளக் கிளை ஒன்று முறிந்து கிடந்தது.

பவளத்தின் மேல் நிற்பவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று நினைக்கிறீர்கள், அதனால் எச்சரிக்கைப் பலகை வைக்கிறீர்கள். நான் அன்று அந்தத் துறையில் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் இன்னும் நான்கு பேர் அப்படி நின்றதைப் பார்த்தேன். நான்கு பேர் முகத்திலும் பயம்தான் இருந்தது. பயந்தவருக்குப் பலகையும் சட்டமும் எப்படி உதவும்? பயத்தைத் தீர்த்தால்தான் அந்தக் கால் கீழே போகாது.

அந்தக் காலடியில் இருப்பது என்ன நிலைமையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. அகன்ற கொம்பு போலக் கிளைக்கும் பவளமும் மெல்லிய மான்கொம்புப் பவளமும் 1980களிலேயே வெள்ளைப்பட்டை நோயில் பெரும்பாலும் அழிந்தன. 2006இல் அமெரிக்கச் சட்டம் இரண்டையும் அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் கொடுக்கும் கறுப்புக் கடல் முள்ளெலிகள் 1983-84இல் கரீபியன் முழுக்கச் செத்து மடிந்தன. கொஞ்சம் தேறிவரும்போது, 2022 தொடக்கத்தில் மறுபடி சாகத் தொடங்கியது இதே செயின்ட் தாமஸ் கரையில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. 2014இல் மயாமிக்கு அருகே தென்பட்ட பவளத் திசு உதிர்வு நோய் 2019 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தது. மூளை வடிவப் பவளங்களைச் சில வாரங்களில் வெறும் சுண்ணாம்பாக்கிவிடும் நோய் அது. 2017 செப்டம்பரில் இர்மா, மரியா என்று இரண்டு பெரும்புயல்கள் இரண்டு வார இடைவெளியில் இந்தத் தீவுகளை அடித்தன. பிறகு 2023இன் கடல் வெப்பம். இதையெல்லாம் தாங்கி இன்னும் உயிரோடு நிற்கும் ஒரு கிளைமேல்தான் என் அத்தான் ஏறி நின்றார்.

சூடேறும் கடலைவிட மனிதக் கால் பெரிய எதிரி என்று நான் சொல்லவில்லை. வெப்பத்தை நீங்களோ நானோ நாளைக்கே நிறுத்த முடியாது, மனிதக் காலை நிறுத்த முடியும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் கப்பலில் வந்து இறங்கும் தீவுகள் இவை. அவர்களில் எத்தனை பேரைத் தண்ணீரில் இறக்குகிறீர்கள் என்பது உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும்.

அத்தானைக் காப்பாற்றியது படகில் வேலை பார்த்த ஓர் இளம்பெண். இருபத்தைந்து வயது இருக்கும். காலையில் ஏறும்போது, கேள்வி எதுவும் கேட்கும் முன் முதலில் குட் மார்னிங் சொல்ல வேண்டும், அதுதான் இந்தத் தீவின் வழக்கம் என்று எங்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லித்தந்தவள். "நிற்காதீர்கள்!" என்று ஒரு முறை கத்தினாள். அவருக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் கத்துவதை விட்டுவிட்டு நீந்திப் போனாள். மிதவை வளையத்தை அவர் மார்புக்குக் கீழே செருகி, இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, தன் உள்ளங்கையை அவர் முதுகில் பதித்தாள். "ஸ்லோ" என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன். "மெதுவா... மெதுவா..." என்று அவர் காதருகே சொல்லிக்கொண்டே இருந்தாள். முகமூடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, மீசைக்கு மேலே ஏற்றி, மறுபடி மாட்டிவிட்டாள். குழலைக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் வாயால் மட்டும் பத்து முறை மூச்சு விடச் செய்தாள். பிறகு குழலோடு, தலையை வெளியே வைத்து. அதன்பின் முகத்தைத் தண்ணீரில் வைத்து.

ஏழெட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அத்தானின் தோள்பட்டை இறங்கியது. அப்போது கீழே புல் மேய்ந்துகொண்டிருந்த ஒரு பேராமை தலையைத் தூக்கி, அவசரமே இல்லாமல் மேலே வந்து, எங்களுக்குப் பத்தடி தள்ளி மூக்கை வெளியே நீட்டி ஒரு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப இறங்கிப் போனது. அவர் அதைப் பார்த்தார். கிளிமீன் பாறையைக் கடிக்கும் கொறகொற சத்தம் தண்ணீருக்குள் கேட்கிறது என்று என்னிடம் கையால் காதைக் காட்டினார். சரியாகப் பத்து நிமிடம். அதற்குள் படகில் சங்கு ஊதிவிட்டார்கள்.

அந்தப் பெண் செய்ததை முந்தின நாள், கப்பலின் நீச்சல்குளத்தில் நீங்கள் செய்திருக்கலாம். இதுதான் நான் கேட்பது. இரண்டு நாள் முழுக்கக் கடலில் போகிறோம். குளத்தில் நெஞ்சளவுத் தண்ணீர்தான். காலையில் ஒரு மணி நேரம், ஓர் ஆள், பத்து முகமூடி போதும். வாயால் மூச்சு விடுவது, முகமூடியில் புகுந்த நீரை ஊதுவது, குழலில் புகுந்த நீரைத் துப்புவது, மிதவைச் சட்டையை நம்பி மல்லாந்து படுப்பது. இந்த நான்கும் வராதவருக்கு மறுநாள் டிக்கெட்டை மாற்றிக்கொடுங்கள். வலையில் உட்கார்ந்து காற்று வாங்கி, படகு திரும்பும்போது ரம் பஞ்ச் குடித்துவிட்டு வருவதும் நல்ல நாள்தான். அதைத் தனி டிக்கெட்டாக விற்றால் வாங்க ஆள் உண்டு.

இது வெறும் வசதிக்காகக் கேட்பது அல்ல. ஹவாயில் கடலில் உயிரிழக்கும் வெளியூர்ப் பயணிகளில் அதிகமானோர் அந்த நேரத்தில் செய்துகொண்டிருந்தது குழல் வைத்து நீந்துவதைத்தான். குழல் வழியே பலமாக இழுத்து மூச்சு வாங்குவதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. அப்படி இறப்பவர் கையை ஆட்டிக் கூப்பிடுவதில்லை. அமைதியாகக் குப்புற மிதப்பார், மீன் பார்ப்பவரைப் போலவே. அதனால் படகில் நிற்கும் ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். அன்று நாங்கள் அறுபது பேர், தண்ணீரில் கண்காணித்தது இரண்டு பேர். டிக்கெட் விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறீர்கள். படகுக்காரரிடம் மூன்றாவது ஆளைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட், ஆக்டோகிரைலீன் கலந்த சன்ஸ்க்ரீனை அமெரிக்க வர்ஜின் தீவுகள் 2020 மார்ச் முதல் தடை செய்திருக்கின்றன. அது எங்களுக்குத் தெரியவந்தது படகில் ஏறிய பிறகு, எல்லோரும் பூசி முடித்தபின். முழுக்கை நீச்சல் சட்டை கொண்டு வாருங்கள் என்று டிக்கெட்டில் ஒரு வரி போட்டால் பாதிப் பூச்சு குறையும். எங்கள் பெண்களுக்கும் அதுதான் தோது.

முறிந்த அந்தக் கிளையை அத்தான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே படகில் ஏறினார். தூக்கி எறிய மனமில்லை. இது திரும்ப வளருமா என்று அந்தப் பெண்ணிடம் கேள் என்றார். கேட்டேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, எங்காவது இடுக்கில் பத்திரமாக மாட்டிக்கொண்டால் சில சமயம் ஒட்டிக்கொள்ளும் என்றாள். மறுபடி தண்ணீரில் குதித்து, எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிளவில் செருகிவிட்டு வந்தாள். திரும்பும் வழியெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை.

வரும் ஜனவரியில் அக்காவும் அத்தானும் மறுபடி வருகிறார்கள். அதே தீவு, அதே ஆமைத் துறை வேண்டும் என்று கேட்டவர் அத்தான்தான். மதுரையில் ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்திருக்கிறார், முகத்தைத் தண்ணீரில் வைத்து இருபது எண்ணுகிறாராம். கப்பல் கிளம்பிய முதல் கடல்நாள் காலை பத்து மணிக்கு நாங்கள் மூவரும் உங்கள் நீச்சல்குளத்துக்கு வருவோம். அங்கே முகமூடிகளோடு உங்கள் ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குளச்சலில் பிறந்த ஒரு செவிலியர்