அப்பாவின் புல்லட் கிளம்பிவிட்டது

பழையபேட்டை,
கிருஷ்ணகிரி.

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் பதிலே சொல்லவில்லை. பெங்களூரில் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், மூன்று வருடமாகச் சும்மா நிற்கிற வண்டிதானே, கொடுத்துவிடலாம் அம்மா என்றாய். உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. சொல்ல நினைத்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை வண்டி கிளம்பிவிட்டது. நான்தான் உதைத்தேன். நான்காவது உதை.

அந்த மனிதர் அதை விண்டேஜ் வண்டி என்கிறாராம். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வயது தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர். நம்முடையது 1987இல் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்தது. 2037 வரைக்கும் அது வெறும் புல்லட்தான். எனக்கு அது போதும்.

நீ பார்த்தபோது எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாய். இருபத்திரண்டு வருடம் அப்பா பட்டறையில் உதிரிபாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் நான். "எஞ்சின் போச்சு" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களில் பாதிப்பேர் பெட்ரோலை அளந்து விடுகிற பொடி ஓட்டையுள்ள ஒரு ஜெட்டும் ஒரு முழம் பெட்ரோல் பைப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் டேங்கிலிருந்த பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் நெடி. சிறிது நேரத்தில் அடியில் தனியாக ஒரு அடுக்கு படிந்தது. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். அப்பா கடைசியாகப் பெட்ரோல் போட்டபோது பத்து சதவீதக் கலப்பு. 2023 பிப்ரவரியிலிருந்து இருபது சதவீதம் வரத் தொடங்கி, இப்போது எங்கே போட்டாலும் அதுதான். இந்த வண்டியைச் செய்தவர்கள் இதை மனதில் வைத்துச் செய்யவில்லை. ஓடுகிற வண்டியில் பெட்ரோல் தேங்காது, தொல்லை குறைவு. நிறுத்தி வைத்தால்தான் கெடுதி.

பெட்ரோல் பைப்பைத் தொட்டதும் முறிந்தது. கண்ணாடி மாதிரி இருந்த பைப், மஞ்சளாகி, காய்ந்த முருங்கைக் குச்சிபோல இரண்டாக உடைந்து கையில் வந்தது. அந்த மலிவுப் பைப்பை நம் கடையிலேயே சுருள் சுருளாக விற்றோம். அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது போட்டிருப்பது எத்தனால் தாங்குகிற கறுப்பு ரப்பர் பைப், விலை பல மடங்கு. முனையை வெந்நீரில் முக்கி இளக்கிக்கொண்டு ஏற்றினேன். இரண்டு பக்கமும் கிளிப். நீளத்தைச் சரியாக வெட்ட வேண்டும்: கூடினால் மடிந்து அடைக்கும், குறைந்தால் விறைத்துக்கொண்டு நழுவும். சிலிண்டர் சூட்டில் படாமல் தள்ளி இருக்க வேண்டும். நடுவே ஒரு சின்ன ஃபில்டர், அம்புக்குறி, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற கார்புரேட்டர் பக்கம் பார்த்தபடி. பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப்பையும் கழற்றி, டேங்குக்குள் நிற்கிற அதன் வலையைக் கழுவினேன். துருத்தூள் ஒரு கரண்டி வந்தது.

கார்புரேட்டரை வாசல் திண்ணையில், வெள்ளை வேட்டித் துணி விரித்து அதன்மேல் பிரித்தேன். அப்பா அப்படித்தான் செய்வார், சின்னத் திருகு உருண்டாலும் கண்ணில் படும் என்று. அடிக்கிண்ணத்தின் நான்கு திருகும் இறுகிக் கிடந்தன. திருப்புளி வழுக்கினால் தலை தேய்ந்துவிடும், அதனால் ஒரு ராத்திரி எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். திறந்ததும் உள்ளே மாம்பிசின் மாதிரி பழுப்பாகக் கெட்டித்துக் கிடந்தது. மெயின் ஜெட்டில் ஓரமாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. பைலட் ஜெட் முழு அடைப்பு. நீ பார்த்தபோது வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது, ஓடாமல் அணைந்ததற்கும், சோக் போட்டால் மட்டும் உயிர் வந்ததற்கும் அந்த மயிரிழை ஓட்டைதான் காரணம்.

பக்கத்துப் பட்டறைத் தம்பி குண்டூசியைக் கொண்டுவந்தான். நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். ஜெட் பித்தளை, ஊசி விட்டால் ஓட்டை பெரிதாகிவிடும், பிறகு அதன் மேல் இருக்கிற அளவு எண்ணுக்கே அர்த்தம் கிடையாது. ரப்பர் பாகங்களை எல்லாம் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதைக் கிளீனரில் ஊறப்போட்டேன். காற்று அடித்தோம். அசையவில்லை. மறுபடி ஊறல், மறுபடி காற்று. மூன்றாவது முறை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது உள்ளே வட்டமாக, சுத்தமாக ஒரு பொட்டு வெளிச்சம். கண்ணு, எனக்கு அழுகை வந்துவிட்டது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கிற ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் ஏறவில்லை. நீடிலின் கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதிலேயே மாட்டினேன். ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்குகிற ஸ்லைடின் வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், அதில் தவறக்கூடாது. ஏர் ஸ்குருவை மெல்ல இறுக்கி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பிறகு எஞ்சின் சூடானதும் காதால் கேட்டுத் திருத்திக்கொண்டேன். பேட்டரி புதிது, பிளக் புதிது.

உதைக்கிற முறையை அப்பா உனக்குக் கற்றுத் தந்தபோது நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாவியைப் போட்டு, எஞ்சினுக்குள் அழுத்தத்தை விடுவிக்கிற டிகம்ப்ரஸரைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினால், மின்னோட்டம் காட்டுகிற ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, பிடியை விட்டு, காலை மேலே கொண்டுவந்து முழுதாக ஓர் உதை. பலம் வேண்டியதில்லை, அந்த இடம்தான் முக்கியம். சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பாட்டி, அப்பா வந்துவிட்டார் என்று நினைத்து வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

தம்பி அதை கே.ஆர்.பி. அணை வரைக்கும் ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி வழியில் இருமி நின்றது. டேங்க் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது: மூடியிலிருக்கிற காற்றுத் துளை அடைப்பு. அங்கேயே ஊதிச் சரி செய்தோம். அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் டேப்பை மூடி, கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட விட்டேன். இனி வாரம் ஒரு முறை அப்படியே செய்வேன்.

விற்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 வாங்கி வைத்திருக்கிறேன். வாரிசுச் சான்றிதழ் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நீ சித்திரையில் வருவதாக இருந்தால் உன் பெயரை எழுதுகிறேன். வரமுடியாது என்றால் உன் சம்மதக் கடிதத்தை அனுப்பு, என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். எது என்று இந்த மாதத்துக்குள் சொல்.

அன்புடன்,
அம்மா