செக்ரோல் எழுதியவரின் கொள்ளுப்பேத்திக்கு

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

புதன்கிழமை போனில், அழவில்லை என்று மூன்று முறை சொன்னாய். அழாதவர்கள் ஒரு முறைகூடச் சொல்ல மாட்டார்கள், கண்ணு. "இங்கே என் சி.ஏ.வை வைத்துக் கணக்குப் பார்க்கலாம், கையெழுத்துப் போட முடியாது அம்மா" என்றாயே, அது நான்கு நாளாகக் காதிலேயே நிற்கிறது. போனில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஊரில் வேறு கதை. பேப்பரில் இங்கிலாந்தோடு 'ஒப்பந்தம்' என்று ஒரு தலைப்பு வந்தால் போதும், பால் வாங்கப் போன இடத்தில் "உங்கள் மகளுக்கு இனிமேல் லண்டனில் பரீட்சையே வேண்டாமாமே" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை குன்னூருக்கு பஸ் ஏறி, எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்குத் தணிக்கை செய்துவந்த பழைய ஆடிட்டர் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மணி நேரம், மூன்று டீ.

சி.ஏ. பட்டம் தரும் நம் நாட்டு இன்ஸ்டிட்யூட்டும் இங்கிலாந்து–வேல்ஸ் பட்டயக் கணக்காளர் கழகமும் 2008-லேயே உடன்பாடு செய்துகொண்டுவிட்டன என்றார். அது கதவைத் திறந்துவிடுகிற தாள் அல்லவாம். படித்ததில் ஒரு பங்குக்கு விலக்கு, மீதிக்குத் தேர்வு. தேறினால் அவர்கள் கழகத்தில் உறுப்பினர். தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை அதற்கும் மேலே ஒரு படி. அதைத் தருவது அந்த நாட்டுக் கம்பெனிச் சட்டம். இரண்டு கழகங்கள் கை குலுக்கிக்கொண்டால் மட்டும் அது கிடைத்துவிடாது. வேடிக்கை என்னவென்றால், 'அக்கவுண்டன்ட்' என்று அங்கே யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாமாம். நீ பத்தாண்டு படித்த படிப்புக்குத்தான் இத்தனை கேள்வி.

எனக்கு உறைத்தது அந்தக் கையெழுத்து விஷயம்தான். உன் கொள்ளுத்தாத்தா எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை. இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய் நின்று, யார் யாருக்குப் பேர் விழுந்தது என்று செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவார். மாதக் கடைசியில் துரை அதை நின்றபடியே புரட்டி, அடியில் கிறுக்கிவிட்டுப் போவார். எழுதியது இவர், செல்லுபடியாக்கியது அவர். நான் முப்பத்தோரு வருடம் இலைக் கணக்கு எழுதினேன். மழை நாளில் ஈர இலைக்கு எவ்வளவு கழிப்பது என்று விவசாயிகளிடம் வசவு வாங்கியது நான், கையெழுத்து மானேஜருடையது. நம் வீட்டில் முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்டவள் நீ. அந்த முதல் தணிக்கை அறிக்கையின் நகலை உன் அப்பா பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார், தெரியுமா?

இப்போதும் உலகம் அப்படித்தான் ஓடுகிறது போலிருக்கிறது. வெளிநாட்டுக் கணக்குகள் பெங்களூரிலும் சென்னையிலும் இராப்பகலாகத் தயாராகின்றன. கையெழுத்து விழுவது கடலுக்கு அப்பால். நம் ஆட்களின் உழைப்புக்கு எந்த உடன்பாடும் தேவைப்படவில்லை, உரிமைக்குத்தான் தேவைப்படுகிறது. இதைச் சொன்னபோது ஆடிட்டர் சிரித்துவிட்டு, 1949-ஆம் வருடப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 29-வது பிரிவைக் காட்டினார். நம்மவரை உறுப்பினராக விடாமல் தடுக்கும் நாட்டைச் சேர்ந்தவர் இங்கும் உறுப்பினராக முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லிவர்பூலிலிருந்து யார் வந்து குன்னூரில் போர்டு மாட்டத் துடிக்கிறார்கள்? எதிர்த்தட்டில் கனம் இல்லாத தராசு அது. பேரம் பேசுவதென்றால் பெங்களூரில் நடக்கும் வேலையை வைத்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் கணக்கைப் பார்க்க எங்கள் பிள்ளைகள் போதுமென்றால், அந்த அனுபவத்தையும் உங்கள் கணக்கில் சேருங்கள் என்று கேட்கலாமே.

இன்னொன்றிலும் எனக்கு மனத்தாங்கல். 2023-இலிருந்து, ஆடிட்டரிடம் வேலை பழகும் ஆர்ட்டிகிள்ஷிப்பை மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுலபம்தான். ஆனால் நீ கோவை மில்லில் பஞ்சுப் பொதிகளை எண்ணி, மூக்கெல்லாம் தூசியோடு வீட்டுக்கு வந்தாயே, அந்த மூன்றாவது வருடத்தில்தான் ஸ்டாக் புத்தகம் பொய் சொல்லும் என்று கண்டுகொண்டாய். வெளியூரில் போய் எங்களை மதியுங்கள் என்று கேட்கும் நேரத்தில் கைவசம் இருந்ததைக் குறைத்துக்கொள்வானேன்?

தேர்வு எழுதச் சொல்கிறார்கள் என்பதில் மட்டும் நான் உன் பக்கம் இல்லை. தேயிலை ஏலத்துக்கு முன் குன்னூரில் ருசி பார்த்தவர் நல்ல தூள் என்று சொன்னாலும், வாங்குகிறவர் தன் ஊர்த் தண்ணீரில் எப்படி இறங்கும் என்று பார்க்காமல் விடுவதில்லை. அந்த நாட்டு வரிச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் அந்தத் தண்ணீர்தான். அதை நீ படித்தே ஆக வேண்டும். ஆடிட்டிங்கையும் காஸ்டிங்கையும் மறுபடி எழுதச் சொன்னால் அப்போது சண்டை போடு, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

நீ ஃபைனல் முடித்த வருடம் ஆர். சிவபோகம் அம்மையாரைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். விடுதலைப் போரில் வேலூர்ச் சிறைக்குப் போனவர், 1933-இல் ஜி.டி.ஏ. என்ற அந்தக் காலக் கணக்காளர் டிப்ளமோ தேறியும், சிறை சென்றவர் கணக்காளராகப் பதிய முடியாது என்ற விதி குறுக்கே நின்றது. வழக்குப் போட்டு ஜெயித்தார். சொந்த ஊரிலேயே அந்தப் பாடு. சொன்ன நீ மறந்துவிட்டாயா?

மீதித் தாள்களுக்குப் பணம் கட்டு. எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து வந்த பணம் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதே, அது உன் படிப்புக்கென்று கட்டியதுதான். தைலமும் ஒரு கிலோ தூளும் பார்சலில் வருகின்றன. தூள் அங்கே கொஞ்சம் வெளிறித் தெரிந்தால் இன்னும் அரைக் கரண்டி சேர்த்துப் போடு.

தேர்வுத் தேதி தெரிந்ததும் சொல். அப்பா காலண்டரில் வட்டம் போடப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா