பறிக்கு அளவு கேட்டிருந்தாய்

தாண்டிக்குடி,
சித்திரை 6.

அன்புள்ள செல்வராசுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் அவர் விட மாட்டார், உனக்கே தெரியும்.

இங்கே பூ மழை சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து, வாசலில் உட்கார்ந்தால் வாசனை தூக்குகிறது. மிளகுதான் சுமார். காட்டுமாடு வாழைக்குள் இறங்குவது நின்றபாடில்லை. அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் போதாது.

சரி, நீ அளவு கேட்ட பறிக்கு வருகிறேன், அதுதான் மீன் உள்ளே போனால் திரும்பி வர முடியாத கூண்டு. மேட்டுக் குட்டையில் நான் கெண்டை விட்டது நினைவிருக்கும். அதற்குள் எப்படியோ ஜிலேபி மீன் (திலாப்பியா) வந்து சேர்ந்துவிட்டது. 1952-இல் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த மீன், இன்று அது இல்லாத குளம் ஏது? தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பதால் சேதாரம் குறைவு. குட்டை நிரம்பிவிடும். நிரம்பினால் தீனி பற்றாது. விரல் நீளத்திலேயே வளர்ச்சி நின்று, அந்த அளவிலேயே மறுபடி முட்டை வைக்கும். கெண்டைக்கு ஒன்றும் மிஞ்சாது. வலை வீசலாம் என்றால் அடியெல்லாம் சில்வர் ஓக் கிளை, வலை கிழிந்துதான் வரும். அதனால்தான் கம்பிப் பறி.

அரை அங்குலக் கண் வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கு, துத்தநாகம் பூசியதாக. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற அறுகோண வலை மலிவுதான், ஆனால் மீனோடு தூக்கும்போது நசுங்கும். 3 அடி அகல மெஷ்ஷில் 3 அடி நீளம் வெட்டி, ஒட்டுக்கு ஒரு கண் கூடுதலாக விட்டு உருளையாகச் சுருட்டினால் விட்டம் பதினொன்றரை அங்குலம் வரும். ஒட்டைக் கட்டுக்கம்பியால் நெருக்கமாகக் கட்டு.

எல்லோரும் தடுமாறுவது மீன் உள்ளே போகிற கூம்பில்தான். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது: அரை வட்டம் வெட்டிச் சுருட்டினால், வெட்டிய ஆரம் எவ்வளவோ அதுவே வாயின் விட்டம். 12 அங்குல ஆரத்தில் வெட்டினால் 12 அங்குல வாய். உருளையைவிட மிஞ்சுகிற அரை அங்குலத்தை விளிம்பில் மடித்துக் கட்டலாம். அதே மையத்திலிருந்து இரண்டரை அங்குல ஆரத்தில் சின்ன அரை வட்டம் வெட்டி எடுத்துவிட்டால் தொண்டையும், அதாவது கூம்பு முனையில் மீன் நுழைகிற துளையும், இரண்டரை அங்குலம் ஆகிவிடும். பத்தாம் வகுப்பில் கூம்பின் வளைபரப்பை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோமே, இதற்குத்தான் போலிருக்கிறது.

தொண்டையில் வெட்டுப்பட்ட கம்பி முனைகளை மட்டும் மடிக்காதே, உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கட்டும். போகிற மீன் வழுக்கிப் போகும், திரும்பினால் குத்தும். உங்கள் பக்கத்து மூங்கில் பறியில் சிம்புகள் செய்கிற வேலைதான். ஆனால் முள்ளைவிட முக்கியம், தொண்டை உருளையின் நடுவில் அந்தரத்தில் நிற்பது. உள்ளே மாட்டிய மீன் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வழி தேடும். வழி நடுவில் இருப்பது அதற்குப் புலப்படாது.

இரை பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சோற்றோடு பிசைந்து, நைந்த வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டிப் பின்பக்கம் தொங்கவிடு. தொண்டைக்கு அருகில் கட்டினால் வெளியில் நின்றே கொத்திவிட்டுப் போய்விடும். இங்கே 4,000 அடிக்கு மேல் என்பதால் வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடான பிறகு வைத்து, சாயங்காலம் எடுத்துவிடுகிறேன். மார்கழியில் ஜிலேபி மந்தமாகிவிடும், வைத்தும் பயனில்லை.

மீனை வெளியே எடுக்கப் பின்பக்கம் வைக்கிற கதவை மட்டும் கம்பியால் கட்டாதே, சணலால் கட்டு. கயிறு அறுந்து பறி அடியில் போய்விட்டால் கம்பி வருஷக்கணக்கில் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருக்கும். சணல் மக்கிவிட்டால் கதவு திறந்துகொள்ளும். காட்டு ஓடையில் வைத்துப் பார்க்கலாமே என்று இங்கே பையன்கள் நச்சரிக்கிறார்கள். கொடுக்கவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் மீன் பிடிப்பது குற்றம் என்பது ஒரு பக்கம். நீர்நாய்க்குட்டி தலையை விட்டு மாட்டினால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

உனக்கும் அதே கவலை வேறு விதத்தில் உண்டு. உன் குளத்தில் விரால் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றுக் குடித்தாக வேண்டும். பறி முழுக்க முங்கியிருந்தால் காலையில் செத்த விரால்தான் கிடைக்கும். அதனால் பின்பக்கத்தைக் கரைமேட்டில் ஏற்றி, ஒரு சாண் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி சாய்த்து வை. தண்ணீர்ப்பாம்பு, ஆமை புகுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். விராலுக்கு இரண்டரை அங்குலத் தொண்டை பற்றாது, நாலு அங்குலமாக வெட்டு.

மெஷ் அங்கே என்ன விலை என்று எழுது. வத்தலக்குண்டில் மலிவாக இருந்தால் வாங்கிப் பேருந்தில் போட்டுவிடுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா