‘ஸ்பானியக் குதிரைப்படை 1808’ பெட்டிக்குள் பிரெஞ்சு வண்ணங்கள்: ஒரு புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: தவறான லேபிளுடன் விற்கப்பட்ட மினியேச்சர் பெயின்ட் பெட்டி – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் இணையக் கடையில் ‘ஸ்பானியக் குதிரைப்படை 1808’ என்ற பெயரில் விற்கப்படும் சிறு போர்வீரர் பொம்மைகளுக்குப் பூசும் எட்டு பாட்டில் அக்ரிலிக் பெயின்ட் பெட்டியைச் சென்ற மாதம் வாங்கினேன். உள்ளே இருப்பவை ஸ்பானியக் குதிரைப்படைக்கு உரிய வண்ணங்கள் அல்ல. டிராகூன் எனப்படும் பிரெஞ்சுக் குதிரைவீரர்களுக்கு உரியவை. வேறொரு பெட்டியின் மேல் புது லேபிளை ஒட்டி விற்றிருக்கிறீர்கள் என்பதே என் புகார். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

முதலில் பாட்டில்கள். அடர் பச்சை, சிவப்பு, அடர் இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், வெள்ளை, கறுப்பு, தோல் பழுப்பு, பித்தளை. அவ்வளவுதான். நீலம் கிடையாது, மஞ்சள் கிடையாது. 1808-இன் ஸ்பானியக் குதிரைப்படையை இந்த இரண்டும் இல்லாமல் எப்படித் தீட்டுவது?

அந்த ஆண்டு ஸ்பெயினிடம் இருந்தவை 24 குதிரைப்படை ரெஜிமென்டுகள் (படையணிகள்). அவற்றில் 12 கனரகக் குதிரைப்படை, 8 டிராகூன், 2 கசதோரெஸ் எனப்படும் இலகு குதிரைப்படை, 2 ஹுஸ்ஸார் எனப்படும் இன்னொரு வகை இலகு குதிரைப்படை. 1805-ஆம் ஆண்டு சீருடை விதிப்படி கனரகப் படையின் 12 ரெஜிமென்டுகளுக்கும் கருநீலக் கோட்டு. டிராகூன்கள் எட்டுக்கும் மஞ்சள் கோட்டு. ஆக, 24-இல் 20 ரெஜிமென்டுகளின் கோட்டு நிறமே உங்கள் பெட்டியில் இல்லை. ஏதோ ஒரு ரெஜிமென்டின் காலர் நிறம் விட்டுப்போயிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அந்த மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பொம்மைகளை நான் வாங்கியதே அதற்காகத்தான். நெப்போலியன் காலத்து ஐரோப்பியப் படைகளில் நீலம், பச்சை, வெள்ளை, சிவப்பு எல்லாம் எங்கு பார்த்தாலும் கிடைக்கும். ஒரு முழு டிராகூன் வரிசையே மஞ்சள் கோட்டில் குதிரை மேல் வருவது அபூர்வம். மேசையில் வைத்தால் கண்ணை எடுக்க முடியாது. கோட்டு எட்டு ரெஜிமென்டுக்கும் ஒன்றுதான். காலர், மார்பு மடிப்பு, கைமடிப்பு ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் எந்த ரெஜிமென்ட் என்று பிரித்தறிய வேண்டும். அல்மான்சாவுக்கு வான்நீலம், வில்லாவிசியோசாவுக்குப் பச்சை, நுமான்சியாவுக்கும் லுசித்தானியாவுக்கும் கறுப்பு. நான் தீட்ட நினைத்தது அல்மான்சா. லா ரொமானா பிரபுவின் தலைமையில் டென்மார்க் வரை போன படைப்பிரிவைச் சேர்ந்தது அது. போகிற வழியில் ஹாம்பர்க்கில் தங்கியிருந்தபோது சூர் சகோதரர்கள் அந்த வீரர்களை நேரில் பார்த்து வரைந்த வண்ணப் படங்கள் இன்றும் இருக்கின்றன. 1808 ஆகஸ்டில் சுமார் 9,000 பேர் நெப்போலியனின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் கப்பல்களில் ஏறித் தப்பியபோது குதிரைகளுக்கு இடம் போதாமல் அவற்றைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். இவ்வளவு நல்ல ஆதாரமும் இவ்வளவு நல்ல கதையும் உள்ள ஒரு படைக்கு ‘1808’ என்று ஆண்டு போட்டுப் பெட்டி விற்பவர்கள், அந்தப் படங்களை ஒரு முறையாவது புரட்டிப் பார்த்திருக்கலாம்.

சரி, பெட்டியில் இருக்கும் நிறங்கள் யாருடையவை? பிரான்சின் 30 டிராகூன் ரெஜிமென்டுகளும் பச்சைக் கோட்டு அணிந்தவை. அவற்றின் மார்பு மடிப்பு நிறங்கள் வரிசை எண்ணைப் பொறுத்துச் சிவப்பு, கருஞ்சிவப்பு, அடர் இளஞ்சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள் என மாறும். உங்கள் பாட்டில்களை இதோடு பொருத்திப் பாருங்கள். பித்தளை எதற்கு என்பதும் விளங்கும். பிரெஞ்சு டிராகூன்கள் பின்னால் குதிரைமயிர் தொங்கும் பித்தளை ஹெல்மெட் போட்டவர்கள். 1808-இன் ஸ்பானிய டிராகூனின் தலையில் இருந்தது கறுப்பு இருமுனைத் தொப்பி. அதில் ஒரு பாட்டில் பித்தளையை எங்கே பூசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் மிச்சமிருந்தால் பெட்டிக்குள் வைத்திருக்கும் வழிகாட்டி அட்டை அதைத் தீர்த்துவிடுகிறது. அட்டையில் உள்ள வீரன் தலையில் அணிந்திருக்கும் வட்டச் சின்னம் நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூவண்ணத்தில் அச்சாகியிருக்கிறது. அது பிரெஞ்சுப் புரட்சியின் சின்னம். ஸ்பானியப் படைவீரனின் தொப்பியில் இருந்தது முழுச் சிவப்புச் சின்னம். இரண்டு படைகளும் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. 1808 ஜூலை 19 அன்று ஸ்பெயினின் பைலெனில் கஸ்டான்யோஸின் ஸ்பானியப் படை ஜெனரல் டுப்போனின் பிரெஞ்சுப் படையை முறியடித்தபோது, ஸ்பானியப் பக்கம் நுமான்சியா டிராகூன்களும் ஃபர்னேசியோ குதிரைப்படையும் நின்றன. எதிர்ப்பக்கம் பச்சைக் கோட்டு டிராகூன்கள் நின்றார்கள். உங்கள் அட்டையை நம்பித் தீட்டினால் அந்தப் போரில் இரு பக்கமும் பிரெஞ்சுக்காரர்களே நிற்பார்கள்.

நியாயமாகச் சொன்னால் ஒரு பாட்டில் உதவும். அந்தத் தோல் பழுப்பு. பைலெனில் காளை மேய்க்கும் நீண்ட கோலையே ஈட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த கர்ரோச்சிஸ்டாக்கள் ஊர் உடுப்பில்தான் போரிட்டார்கள். அவர்களுக்குப் பூசலாம். ஆனால் அதற்காக யாரும் எட்டு பாட்டில் பெட்டி வாங்க மாட்டார்கள்.

இதையெல்லாம் உங்கள் சேவைப் பிரிவிடம் ஏற்கெனவே சொன்னேன். வந்த பதில்கள்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தன. “ஸ்பானியக் குதிரைப்படையிலும் பச்சை உண்டு சார்” என்றார் ஒருவர். உண்டு. கசதோரெஸ் ரெஜிமென்டுகளான ஒலிவென்சாவும் ஸ்பெயின் தன்னார்வலர்களும் பச்சை அணிந்தவை. அது பளிச்சென்ற மரகதப் பச்சை. நீங்கள் தந்திருப்பது கருமை கலந்த அடர் பச்சை. 28 மில்லிமீட்டர் பொம்மையில் பூசினால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கும்போது கறுப்பாகவே தெரிகிறது. மேலும் அட்டையில் இருக்கும் படம் கசதோர் வீரனுடையது அல்ல, டிராகூனுடையது. இன்னொருவர், போர்க்காலத்தில் கிடைத்த துணியைத்தான் போட்டார்கள், எந்த நிறம் பூசினாலும் தப்பில்லை என்று விளக்கம் தந்தார். போர் இழுத்துக்கொண்டே போன பிறகு அப்படி நடந்தது உண்மைதான். நாட்டுப் பழுப்புத் துணியும், பிரிட்டன் அனுப்பிய உடுப்புகளும் கலந்துவிட்டன. ஆனால் உங்கள் லேபிளில் 1808 என்று இருக்கிறது, அட்டையின் தலைப்பில் ‘1805 விதிப்படி’ என்றும் இருக்கிறது. விதியைச் சொல்லி விற்றுவிட்டு, கேள்வி கேட்டால் விதியே இல்லை என்பது என்ன நியாயம்?

கடைசியில் உங்கள் பிரதிநிதி சொன்ன யோசனைப்படி உங்களிடமே மஞ்சளைத் தனி பாட்டிலாக வாங்கினேன். அதிலும் தொல்லை. உங்கள் அட்டை கறுப்பு பிரைமர் (முதல் பூச்சு) மேல் நேரடியாகக் கோட்டு நிறத்தைப் பூசச் சொல்கிறது. அடர் பச்சைக்கு அது சரி, ஆடைமடிப்புகளில் நிழல் தானாக வந்துவிடும். மஞ்சளுக்கு அது நஞ்சு. அக்ரிலிக் மஞ்சள் நிறமிகள் பெரும்பாலும் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளவை, அடியில் இருப்பதை மறைக்காது. கறுப்பின் மேல் பட்டதும் பச்சை கலந்த பாசி நிறத்துக்குப் போய்விடுகிறது. அடுத்தடுத்து எத்தனை பூச்சு போட்டாலும் நிறம் எழும்புவதற்குள் பொம்மையின் முகம், பொத்தான், மடிப்பு எல்லாம் பெயின்ட்டில் மூழ்கிவிடுகின்றன. வெள்ளை பிரைமர், அதன் மேல் காவி மஞ்சள் அடிப்பூச்சு, பிறகு மெல்லிய மஞ்சள் என்பதே பொம்மை தீட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்த முறை. மஞ்சள் கோட்டுப் படைக்கான அட்டையில் இந்த ஒரு வரி இல்லாமல் போனதற்குக் காரணம், அந்த அட்டையை எழுதியபோது எழுதியவரின் முன் மஞ்சள் கோட்டு வீரனே இல்லை என்பதுதான். இது கவனக்குறைவு அல்ல, வேறு பெட்டியின் அட்டை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாட்டில் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்று சொல்லியிருக்கிறீர்கள். திறக்காமல் உள்ளே என்ன நிறம் என்று சரிபார்க்க வழியில்லை. பாட்டில்களின் மேல் நிறப் பெயர்கூடக் கிடையாது, எண்தான் இருக்கிறது. இந்த மறுப்பை நான் ஏற்கவில்லை.

நான் கேட்பது இவைதான். பெட்டியின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். உங்கள் பிரதிநிதியின் பேச்சை நம்பி வாங்கிய மஞ்சள் பாட்டிலின் விலையும் அதில் சேரும். பணத்துக்குப் பதிலாகச் சரியான பொருள் தருவதாக இருந்தால் கருநீலம், நன்றாக மூடும் மஞ்சள், மரகதப் பச்சை, வான்நீலம் ஆகிய நான்கு பாட்டில்களும் திருத்திய அட்டையும் வேண்டும். கடைக்கான கூப்பன் எண் எதுவும் அனுப்ப வேண்டாம். இந்த லேபிளுடன் இருக்கும் மற்றப் பெட்டிகளை விற்பனைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். முதன்முறையாகப் பிரஷ் பிடிக்கும் ஒரு பள்ளி மாணவன் இதை வாங்கினால், ஸ்பானிய டிராகூன் பச்சைக் கோட்டு போட்டவன் என்றே நம்பிவிடுவான்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அது நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலும் இதே கடிதத்தை முன்வைப்பேன்.

பில் நகல், வழிகாட்டி அட்டையின் இரு பக்கங்கள், எட்டு பாட்டில்களையும் வெள்ளைத் தாளில் பூசி எடுத்த புகைப்படம், உங்கள் சேவைப் பிரிவுடனான உரையாடலின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்