வீட்ட ஏன் விக்கலன்னு கேட்டியே

கண்ணு,

நேத்து போன்ல "அந்த சின்ன ஊர்ல இன்னும் என்னப்பா இருக்கு, வித்துட்டு ரெண்டு பேரும் சியாட்டிலுக்கு வந்துடுங்க"ன்னு சொன்ன. அப்ப எனக்கு சட்டுனு பதில் வரல, அதான் எழுதறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்னு தெரியும், மெதுவா படி.

கொலம்பஸுக்குப் போறேன்னு கோயமுத்தூர்ல சொன்னப்ப எல்லாரும் ஒஹாயோன்னே நெனச்சாங்க, இது இண்டியானா கொலம்பஸ், இன்னிக்கும் 50,000 பேர் சுமாருக்குத்தான், ஊர் முடிஞ்சா மக்காச்சோளமும் சோயாவும்தான். ஆனா இந்த ஊர்க்காரங்க பொறுமை எனக்குப் புடிச்சுப்போச்சு. பேங்க்கர் வீட்ல கார் ஓட்டிட்டு இருந்தவர்தான் கிளெஸ்ஸி கம்மின்ஸ், அவருக்கு அந்த பேங்க்கர் வில்லியம் இர்வின் பணம் போட்டு 1919ல கம்மின்ஸ் டீசல் எஞ்சின் கம்பெனி ஆரம்பிச்சாங்க, லாபம்னு ஒண்ண பாத்தது 1937லதான். பதினெட்டு வருஷம் கண்ணு! நம்மூர்ல ஃபவுண்டரி வச்சிருக்கற உங்க பெரியப்பாவக் கேளு, அது எப்பேர்ப்பட்ட காத்திருப்புன்னு சொல்லுவாரு.

அந்த பேங்க்கர் குடும்பத்துல வந்தவர்தான் இர்வின் மில்லர். போருக்கு அப்புறம் ஊர்ல புள்ளைங்க பெருகி, அவசர அவசரமா ஸ்கூல் கட்டிட்டு இருந்தாங்க, அப்ப அவரு நாங்க சொல்ற லிஸ்ட்ல ஒரு நல்ல ஆர்க்கிடெக்ட எடுத்துக்கங்க, அவங்க ஃபீஸ கம்மின்ஸ் ஃபவுண்டேஷனே குடுத்துரும்னாரு. ஸ்கூல்ல ஆரம்பிச்சது, ஃபயர் ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. பணக்காரன் தன் பேருக்கு மாளிகை கட்டறது ஊர் ஊருக்கு நடக்கறதுதான், கவர்மென்ட் ஸ்கூலுக்கு இப்படி மெனக்கெட்டவங்கள நான் வேற எங்கயும் பாக்கல. நீ ஓடிப்புடிச்சு வெளையாடுவியே, சிற்பி ஹென்றி மூரோட அந்த பெரிய வெண்கல வளைவு, அதுக்குப் பின்னாடி நிக்கற லைப்ரரி ஐ.எம்.பெய் கட்டினது, பாரிஸ்ல லூவ்ருக்கு கண்ணாடி பிரமிட் கட்டினாரே அவரேதான். உனக்கு அது வெறும் சனிக்கிழமை போற எடம்.

ஆனா கட்டடத்துக்காக மட்டும் இருக்கேன்னு சொன்னா அது பொய். 2008 ஜூன் வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கா, ஆஸ்பத்திரிக்குள்ளயே தண்ணி பூந்து நோயாளிங்கள எல்லாம் வேற எடத்துக்கு மாத்தினாங்க, நம்ம பேஸ்மென்ட்லயும் முட்டி வரைக்கும் தண்ணி. எதிர் வீட்டுப் பெரியவர், ப்ளான்ட்ல மெஷினிஸ்டா 38 வருஷம் நின்னவரு, கூப்புடவே இல்ல, பம்ப தூக்கிட்டு வந்துட்டாரு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்கூடவே நின்னாரு. மறுநாள் அம்மா சாப்பாடு கொண்டுபோய்க் குடுத்தா, சாம்பார் சாதத்த சூப்புன்னு நெனச்சு ஸ்பூன்ல குடிக்கப் பாத்து, அப்புறம் இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டாரு. இப்ப அவருக்கு 86. போன வருஷம் அவரு சம்சாரம் தவறிட்டாங்க, புள்ளைங்க டெக்ஸாஸ்ல. பனி கொட்டினா மொதல்ல அவரு வாசல தள்ளிட்டுத்தான் நம்ம வாசலுக்கு வரேன், செவ்வாய்க்கிழமை அவர டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது நாந்தான்.

அவரும் உன்ன மாதிரியே கேட்டாரு, "பொண்ணுகிட்ட போறீங்களாமே"ன்னு, அம்மாதான் சொல்லியிருக்கா. இல்லைன்னேன். ஒண்ணும் சொல்லல, உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வந்தாரு.

அதனால விக்கற பேச்ச இப்போதைக்கு விட்டுரு சாமி. தேங்க்ஸ்கிவிங்குக்கு டிக்கெட் போடு, வாஷிங்டன் ஸ்ட்ரீட் ஐஸ்க்ரீம் கடைக்கு மூணு பேரும் போலாம், அவரையும் கூட்டிட்டு.

அப்பா